ஆறு நிற மிளகாய் விதைப் பெட்டி: பதினோரு மாதம் கழித்து ஒரு மதிப்புரை

இந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே நிறைய பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். "பேக்கிங் சூப்பர்", "சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது", "பரிசு கொடுக்க ஏற்றது". எல்லாம் உண்மைதான், எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் விதையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுத உட்கார்ந்தால் விதையைப் பற்றி என்ன பேச முடியும்? மிளகாய் விதை முளைத்து, நாற்றாகி, பூத்து, காய்த்து, பழுக்கவே ஐந்து மாதம் ஆகும். அதனால் நான் பொறுத்திருந்தேன். 2024 ஜூலையில் வந்த பெட்டிக்கு இப்போதுதான் எழுதுகிறேன்.

கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இதே பெட்டி, இதே படம், நாலைந்து பெயர்களில் விற்பனைக்கு இருக்கிறது. ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்.

நான் கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விவசாயம் எங்கள் வீட்டில் அப்பாவோடு முடிந்துபோனது. கொரோனா சமயத்தில் கடை அடைத்துக் கிடந்தபோது மொட்டை மாடியில் நாலு பையில் கீரை, தக்காளி என்று ஆரம்பித்து, இப்போது இருபது பை இருக்கிறது. கோயம்புத்தூரில் படிக்கிற மகள், என் ஐம்பதாவது பிறந்த நாளுக்கு இந்தப் பெட்டியை அனுப்பினாள். விலை 749 ரூபாய். அவளுடைய கைச்செலவுக் காசு. இந்த மதிப்புரை இத்தனை நாள் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருந்தவை: ஆறு விதைப் பொட்டலம், ஆறு தேங்காய்நார் வில்லை (தண்ணீர் ஊற்றினால் உப்பிப் பெரிதாகும்), ஆறு காகிதக் கப், பெயர் எழுதிச் சொருக ஆறு மரக் குச்சி, ஒரு கைப்பிடி மண்புழு உரம், ஒரு வழிகாட்டித் தாள். ஆறு ரகம் ஜலபெனோ, ஹபனேரோ, பூத் ஜோலோக்கியா, மஞ்சள் மிளகாய், ஊதா மிளகாய், நீல மிளகாய். நீலம் என்றால் கத்தரிப்பூ நிறம் இல்லை, பள்ளிக்கூடச் சட்டை நீலம். அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததுமே அம்மா சிரித்துவிட்டாள். "எந்த ஊர்லய்யா மிளகாய் இந்தக் கலர்ல காய்க்கும்?" என்றாள். எண்பது வயதுக்காரி, கரிசல் காட்டில் மிளகாய் பறித்துக் கை எரிந்தவள். நான்தான் "வெளிநாட்டு ரகம்மா" என்று வக்காலத்து வாங்கினேன்.

ஒவ்வொரு பொட்டலத்திலும் பத்து விதை என்று போட்டிருந்தது. எண்ணினேன். மொத்தம் 60 இருக்க வேண்டியது 53 இருந்தது. விலை அதிகமான பூத் ஜோலோக்கியாவில் ஆறுதான். இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். நானும் கடையில் நூறு தாள் கட்டில் தொண்ணூற்றெட்டு பார்த்திருக்கிறேன்.

என் தொழில் காகிதம் என்பதால் அச்சைத்தான் முதலில் பார்ப்பேன். வழிகாட்டித் தாள் நல்ல ஆர்ட் பேப்பர், நாலு கலர். அதில் இருந்த விஷயம்தான் வேடிக்கை. "கடைசிப் பனி விழுவதற்கு எட்டு வாரம் முன்பு வீட்டுக்குள் விதைக்கவும்" என்கிறது முதல் வரி. கோவில்பட்டியில் கடைசிப் பனி எப்போது விழுந்தது என்று யாரைக் கேட்பது? "தெற்கு நோக்கிய ஜன்னல் ஓரத்தில், விதைத் தட்டுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு போடவும்" என்கிறது அடுத்தது. எங்கள் மொட்டை மாடியில் மதியம் செருப்பில்லாமல் நடக்க முடியாது. குளிர் நாட்டுக்காரன் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆடியில் விதைக்கலாமா, புரட்டாசியில் நடலாமா என்று ஒரு வரி இல்லை. நம்மூரில் மிளகாய்க்கு ஜூன்-ஜூலை ஒரு பட்டம், செப்டம்பர்-அக்டோபர் ஒரு பட்டம், தண்ணீர் வசதி இருந்தால் தை மாசி ஒரு பட்டம். இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், இந்தப் பெட்டிக்குத் தெரியாது.

அடுத்துப் பொட்டலத்தின் பின்பக்கம். விதைப் பொட்டலத்தில் படம் இருக்கிற பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம், பின்பக்கம் போதும். உரக்கடையில் விற்கும் ஒழுங்கான விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பெயர், லாட் எண், முளைப்புத் திறன் சதவீதம், சோதனை செய்த தேதி, எதுவரை விதைக்கலாம் என்பதெல்லாம் இருக்கும். 1966-ஆம் வருட விதைச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. மிளகாய்க்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 60 சதவீதம். நூறு விதையில் அறுபது முளைத்தாலே பாஸ். வழக்கமாகச் சோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம் கெடு கொடுப்பார்கள். இந்தப் பெட்டியில் வந்த பொட்டலங்களில் முளைப்புத் திறன் என்ற பேச்சே இல்லை. "பேக் செய்த மாதம்: மே 2024" என்று ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் மட்டும் இருந்தது.

வெள்ளை ஸ்டிக்கரைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ரேஷன் கார்டு நகலில் ஒட்டிக்கொண்டு வருபவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கடையில் லேமினேஷன் மெஷின் பக்கத்தில் சூட்டில் ஒரு நிமிடம் காட்டினால் பசை இளகிவிடும். ஜலபெனோ பொட்டலத்தைக் காட்டி, ஸ்டிக்கரை மெதுவாக உரித்தேன். அடியில் அச்சிட்டிருந்தது மார்ச் 2022. ஆறு பொட்டலத்தில் நாலில் அப்படித்தான். மிச்சம் இரண்டில் ஸ்டிக்கரோடு காகிதமும் கிழிந்து வந்துவிட்டது.

மிளகாய் விதை நெல்லைப் போல் தாங்காது. நன்றாகக் காய வைத்து, ஈரம் புகாத டப்பாவில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் சில வருடம் இருக்கும். குடோனில், கூரியர் வண்டியில், வெயிலில் காகிதப் பொட்டலத்துக்குள் இரண்டு வருடம் கிடந்தால் பாதிக்குமேல் செத்துப்போகும். பார்ப்பதற்கு உயிருள்ள விதை போலவேதான் இருக்கும். அதுதான் கஷ்டம்.

அன்றே திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மகள் அனுப்பிய பிறந்தநாள் பரிசை அவள் கணக்கிலிருந்தே திருப்பி அனுப்பச் சொல்ல மனம் வரவில்லை. தவிர, திருப்பி அனுப்பும் கெடுவைப் பாருங்கள், ஏழு நாள். வழிகாட்டித் தாளிலேயே "முளைக்க 14 முதல் 28 நாள் ஆகும்" என்று போட்டிருக்கிறது. முளைக்காத விதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அது முளைக்கவில்லை என்று தெரிவதற்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

சரி, இதை ஒரு போட்டியாக நடத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். "வத்தலுக்குள்ளயே விதை இருக்கு, அதுக்கு எதுக்குய்யா பெட்டி?" என்று அம்மா கேட்டதுதான் தொடக்கம். பெட்டிக்கு எதிராக மூன்று பேரை நிறுத்தினேன்.

முதலாவது, எங்கள் அடுக்களை டப்பாவில் இருந்த முண்டு வத்தல். பரமக்குடிப் பக்கத்துச் சரக்கு. ராமநாதபுரம் முண்டு என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே உருண்டை மிளகாய். அம்மா தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள்: தோல் வெடிக்காதது, நல்ல கருஞ்சிவப்பு, குலுக்கினால் விதை உள்ளே சலசலக்க வேண்டும், வெள்ளைப் பூசணம் கூடாது. வெயிலில் காய்ந்த வத்தலாக இருந்தால் விதைக்கு உயிர் இருக்கும். அதிகச் சூட்டில் எந்திரத்தில் காய வைத்ததாக இருந்தால் உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, சம்பா என்கிற நீள மிளகாயின் விதை. பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா அடங்கல் நகல் எடுக்கக் கடைக்கு வருகிற ஒரு அண்ணாச்சி, சாத்தூர்ப் பக்கம் மானாவாரி மிளகாய் போடுகிறவர். கேட்டதற்கு மறுநாள் ஒரு தீப்பெட்டி நிறையக் கொண்டுவந்து தந்தார். சாம்பல் கலந்து வைத்திருந்த விதை. காசு வாங்கவில்லை. நானும் அன்றைக்கு ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாவது, உரக்கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகம். பத்து கிராம் பொட்டலம் 480 ரூபாய். விலையைக் கேட்டு மிரள வேண்டாம், கிராமுக்கு நூற்றைம்பது இருநூறு விதை நிற்கும். பத்து கிராமில் ஒரு தெருவுக்கே மிளகாய் போடலாம். மாடித்தோட்டக்காரர் தனியாக வாங்கினால் வீண். நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டோம். இந்த விதை ரோஸ் நிறத்தில் இருக்கும். பூஞ்சாண மருந்து பூசியது, தொட்டால் கையைக் கழுவ வேண்டும், மிச்சத்தை அடுக்களைப் பக்கம் வைக்கக் கூடாது.

2024 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு, சனிக்கிழமை. விதைத்தது அன்றைக்குத்தான். நம் மூன்று ரகத்திலும் இருபது இருபது விதை, பெட்டியில் இருந்தது 53-உம். பெட்டிக்கு ஓரவஞ்சனை செய்துவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் ஒரே கலவையில் போட்டேன். கழுவிய தேங்காய்நார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் சூடோமோனாஸ் தூள் (பூஞ்சாண நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா). குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. மேலே மெல்லிசாக வைக்கோல். நிழலில் வைத்தேன்.

அந்தத் தேங்காய்நார் வில்லையை ஏன் பயன்படுத்தவில்லை என்றால், ஒன்றை ஊற வைத்துப் பார்த்தேன், வடிந்த தண்ணீர் கடுங்காப்பி மாதிரி இருந்தது. நாக்கு நுனியில் வைத்தால் லேசாக உப்புக் கரித்தது. சரியாகக் கழுவாத நாரில் உப்பு நிற்கும், சின்ன நாற்றின் வேரைக் கருக்கிவிடும். மூன்று முறை கழுவிப் பிழிந்தபின் அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கழுவச் சொல்லித் தாளில் எங்கும் இல்லை. புதிதாக ஆரம்பிக்கிற ஒருவர் நேரே அதில்தான் விதைப்பார், முளைத்தது கருகினால் "எனக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடுவார்.

ஆறாம் நாள் காலையில் ஒட்டு ரகம் தலை நீட்டியது. ஏழாம் நாள் சம்பா. எட்டாம் நாள் அடுக்களை முண்டு. அம்மா அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள், மூட்டு வலியோடு. பெட்டி விதைகள் பதின்மூன்றாம் நாள்தான் அசைந்தன. இருபத்தெட்டு நாள் முழுசாகக் காத்திருந்து, கடைசியில் எண்ணியது இது. ஒட்டு ரகம் இருபதுக்குப் பத்தொன்பது. சம்பா பதினெட்டு. முண்டு பதினாறு. பெட்டி, 53-க்கு 14. ஜலபெனோ 4, ஹபனேரோ 1, மஞ்சள் 3, ஊதா 2, நீலம் 4. பூத் ஜோலோக்கியா பூஜ்யம்.

நியாயமாகச் சொன்னால் ஹபனேரோவும் பூத் ஜோலோக்கியாவும் நம்மூர் மிளகாயைவிட வேறு சாதி, முளைக்க மூன்று நாலு வாரம்கூட எடுக்கும். அதற்காக அந்த இரண்டையும் அக்டோபர் வரைக்கும் தட்டிலேயே விட்டு வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்தக் குழிகளில் கீரைதான் முளைத்தது, காற்றில் வந்த விதை.

இடையில் என் தப்பும் ஒன்று உண்டு. நாற்று வந்த சந்தோஷத்தில் காலை மாலை இரு வேளையும் பூவாளியால் ஊற்றினேன். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆறு நாற்று இடுப்பொடிந்து கிடந்தது. தண்டின் அடி, மண்ணோடு ஒட்டின இடம், நூல் மாதிரி இளைத்து அழுகியிருந்தது. நாற்றழுகல். ஈரம் அதிகமானால் பூஞ்சாணம் செய்கிற வேலை. பெட்டியில் நாலு, சம்பாவில் இரண்டு போனது. அண்ணாச்சியிடம் சொன்னதற்கு, "தம்பி, மிளகாய் தாகத்துல சாகாது, தண்ணியிலதான் சாகும்" என்றார். அப்புறம் மேல்மண் வெளுத்த பிறகுதான் தண்ணீர், அதுவும் காலையில் மட்டும். இந்தச் சேதத்தை நான் பெட்டியின் கணக்கில் எழுதவில்லை.

நாற்பது நாள் கழித்து பைக்கு மாற்றினேன். எங்கள் ஊர்க் கரிசல் மண்ணைப் பையில் அடைக்கக் கூடாது, நனைந்தால் களி, காய்ந்தால் வெடிப்பு. செம்மண், மக்கிய தொழுவுரம், நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. மொத்தம் பதினாலு பை: பெட்டிச் செடி ஆறு, முண்டு மூன்று, சம்பா மூன்று, ஒட்டு இரண்டு. மிச்ச நாற்றுகள் தெருவில் பல வீட்டுக்குப் போயின.

வளர்ப்புக் கதையை நீட்டவில்லை. நவம்பரில் இலை சுருள ஆரம்பித்தது. இலை படகு மாதிரி மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கவிழ்த்த தோணி மாதிரி கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். எனக்கு மேல்நோக்கி. 2021-இல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய்க் காடுகளைக் காலி செய்தது இலைப்பேனில் ஒரு புது வகை என்று படித்திருந்ததால் கொஞ்சம் பயந்துதான் போனேன். நீல நிற ஒட்டும் அட்டை நாலு தொங்கவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைத் துளி சோப்புக் கரைசலோடு வாரம் ஒருமுறை சாயங்காலம் அடித்தேன். ஒட்டு ரகமும் சம்பாவும் தேறின. பெட்டிச் செடிகளில் மஞ்சள் மட்டும் குட்டையாகவே நின்றுபோனது. பூ எடுக்கும் சமயத்தில் தேமோர்க் கரைசல். புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் கலந்து ஒரு வாரம் புளிக்க வைப்பது. அதன் நாற்றத்துக்கு என் மனைவி மாடிக் கதவைச் சாத்தி வைத்துவிட்டாள்.

காய்க்க ஆரம்பித்த பிறகுதான் பெட்டியின் அடுத்த வேடிக்கை தெரிந்தது. பொட்டலத்தில் இருந்த பெயருக்கும் செடியில் காய்த்ததற்கும் பாதிதான் பொருத்தம். நீல மிளகாய் சாதாரணப் பச்சை மிளகாயாகக் காய்த்துச் சிவப்பாகப் பழுத்தது. மஞ்சள் என்றதும் சிவப்பாகத்தான் பழுத்தது. ஜலபெனோ இரண்டு செடியில் ஒன்று ஜலபெனோ, தடித்த தோல், கட்டை விரல் பருமன். இன்னொன்று நீளமாக ஒல்லியாக ஏதோ ஒரு ரகம். மிளகாயில் தேனீயும் எறும்பும் மகரந்தத்தைக் கலக்கிவிடும். அதனால்தான் சான்று விதை உற்பத்திக்கு ஒரு ரகத்துக்கும் அடுத்த ரகத்துக்கும் நடுவில் 200 மீட்டராவது இடைவெளி கேட்கிறார்கள். இந்த விதையை எடுத்தவர் எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் வைத்திருப்பார் போல. நீலத்துக்கு மட்டும் அந்தச் சாக்கும் செல்லாது. அந்தப் படம் கம்ப்யூட்டரில் கலர் மாற்றியது. தினமும் போட்டோ பிரிண்ட் போடுகிறவனுக்குக் காம்பு வரை நீலம் கசிந்திருப்பது தெரியாதா?

ஊதா மிளகாய்க்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன். பூவே ஊதா. காய் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது, கத்தரிக்காய் நிறத்தில் சின்னச் சின்னதாக. அது வெளுத்து, ஆரஞ்சாகி, சிவப்பாகப் பழுக்கும்போது ஒரே செடியில் நாலு நிறம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்தார்கள். சமையலுக்கு ஒன்றும் விசேஷம் இல்லை, வதக்கினால் ஊதா போய்விடும், காரமும் மட்டு.

ஹபனேரோ ஒரே செடி, அது பிப்ரவரியில்தான் காய்த்தது. மொத்தம் பதினொரு காய். ஆரஞ்சு நிறத்தில் கசங்கின விளக்குக் கூண்டு மாதிரி. நறுக்கினால் பழ வாசனை வந்தது, கொய்யாவும் எலுமிச்சையும் கலந்த மாதிரி. "என்னங்க, இதைக் குழம்புல போடலாமா கூடாதா?" என்று மனைவி கேட்டாள். கால்வாசி போட்டு ஒரு தேங்காய்ச் சட்னி அரைத்தோம். காரம் உடனே தெரியவில்லை, இரண்டாவது தோசையில் தெரிந்தது. காது வரை ஏறியது. எனக்குப் பிடித்திருந்தது. அம்மா தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "வாசம் நல்லாருக்கு, ஆனா இது நம்ம காரம் இல்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். ஜலபெனோ சதைப்பற்றாக இருந்ததால் பஜ்ஜிக்குப் போனது. அதற்கு நல்ல பொருத்தம்.

பெட்டி அட்டையில் பெரிசாக "10 லட்சம் ஸ்கோவில் காரம்" என்று போட்டிருக்கிறார்கள். வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளுநர் 1912-இல் கொண்டுவந்த அளவு அது. பூத் ஜோலோக்கியா 2007-இல் உலகத்திலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியபோது பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த வரை சரி. ஆனால் பொட்டலத்தில் இருந்த ஆறு விதையில் ஒன்றுகூட முளைக்காததால் பத்து லட்சத்தை அட்டையில் படித்ததோடு சரி.

கடையில் கூரியர் எடை பார்க்கும் தராசு இருக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பறித்ததையெல்லாம் அதில் போட்டு நோட்டில் எழுதினேன். ஒட்டு ரகம் இரண்டு செடி, 1 கிலோ 700 கிராம். சம்பா மூன்று செடி, 1 கிலோ 900. முண்டு மூன்று செடி, 1 கிலோ 200. பெட்டிச் செடி ஆறும் சேர்ந்து 1 கிலோ 100. ஏப்ரலில் வெயில் 38 டிகிரியைத் தொட்டதும் எல்லாச் செடியிலும் பூ உதிர ஆரம்பித்தது. பச்சை நிழல்வலை கட்டியும் பெரிசாக நிற்கவில்லை. ஒட்டு ரகத்தில் காய் எண்ணிக்கை அதிகம், ஆனால் அண்ணாச்சி சம்பாவின் காரமும் அந்தத் தாளித்த வாசனையும் அதில் இல்லை. முண்டைப் பழுக்க விட்டுக் காய வைத்து மோர்க்குழம்புக்குத் தாளித்தோம். கடையில் வாங்குகிற முண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரிகிறதாம்.

வாடிக்கையாளர் சேவை பற்றியும் சொல்ல வேண்டும். முப்பதாவது நாள் ஸ்டிக்கர் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. "முளைப்பு என்பது தட்பவெப்பம், நீர், மண் ஆகியவற்றைப் பொறுத்தது" என்று ஒரு பத்தி, அப்புறம் அடுத்த கொள்முதலுக்கு இருபது சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்ப எழுதினேன். அதே பத்தி, அதே கூப்பன் மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை எழுதவில்லை. கூப்பன் காலாவதி தேதி மட்டும் தெளிவாக, ஸ்டிக்கர் இல்லாமல் அச்சாகியிருந்தது.

வாங்கலாமா என்று கேட்டால், மிளகாய் பறிக்க வேண்டும் என்பவர்கள் வாங்க வேண்டாம். வீட்டு வத்தல் டப்பாவைத் திறங்கள். அல்லது பக்கத்தில் மிளகாய் போடுகிறவரிடம் கேளுங்கள். வெளிநாட்டு ரகம்தான் வேண்டும் என்றால், ரகத்துக்கு ஒரு பொட்டலமாக, சோதனைத் தேதியும் முளைப்புச் சதவீதமும் அச்சிட்டு விற்பவரிடம் வாங்குங்கள். ஏற்கெனவே இந்த மாதிரிப் பெட்டி பரிசாக வந்துவிட்டதென்றால் வந்த அன்றே ஒவ்வொரு பொட்டலத்திலும் நாலு விதையை ஈரத்துணியில் மடித்து டப்பாவில் மூடி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஜலபெனோ மாதிரி ரகங்கள் உயிரோடு இருந்தால் ஏழெட்டு நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். ஒன்றும் அசையவில்லை என்றால் மண், பை என்று மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம்.

இந்த ஆடிக்கு நானே விதை எடுத்து வைத்திருக்கிறேன். ஒட்டு ரகத்திலிருந்து எடுக்கவில்லை, எடுத்தால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு திசையில் போகும். முண்டிலும் சம்பாவிலும் ஒவ்வொரு கிளையைப் பூ விரியும் முன்பே பழைய கொசுவலைத் துணியால் மூடிக் கட்டி, உள்ளே காய்த்ததை மட்டும் விதைக்கு விட்டேன். துணி கட்டியது கிளிக்கும் சேர்த்துத்தான். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, எங்கள் மாடிக்கு வருகிற இரண்டு கிளி முண்டுப் பழத்தைக் கோவைப்பழம் மாதிரி தின்றுவிட்டுப் போகும். அம்மா சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்த முதல் பழம் அப்படித்தான் போனது. நூல் மட்டும் காம்பில் இருந்தது.

மதிப்பெண்: விதைக்கு ஐந்தில் ஒன்று, அதுவும் ஊதாவுக்கும் அந்த ஒற்றை ஹபனேரோவுக்கும். வழிகாட்டித் தாளுக்குப் பூஜ்யம். கூப்பனுக்கு மதிப்பெண் கிடையாது. பெட்டிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். கெட்டி அட்டை, காந்த மூடி, மூலை மடிப்பு அவ்வளவு சுத்தம். கடையில் ஸ்டேப்ளர் பின்னும் ரப்பர் ஸ்டாம்பும் போட்டு வைத்திருக்கிறேன்.